பைத்தான் 2-இலிருந்து 3-க்கு: பொதி விதிகளும் தமிழ்க் கணிமையும்

1. கேள்வி

பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் வரிசை எப்போது முடிந்தது என்று கேட்டால், 2020 ஜனவரி 1 என்று உடனே பதில் வரும். மொழியை உருவாக்கியவர்கள் அறிவித்த தேதி அதுதான். ஆனால் அந்தத் தேதி கடந்த பிறகும், ஏப்ரலில், 2.7.18 என்ற கடைசிப் பதிப்பு வந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11-இல்கூட பைத்தான் 2.7 ஒட்டிக்கொண்டிருந்தது, சில மென்பொருள்களைக் கட்டுவதற்கு அது இன்னும் தேவைப்பட்டது. ரெட் ஹாட் நிறுவனம் தன் ஏழாம் பதிப்பு லினக்ஸில் அதை 2024 ஜூன் வரை பராமரித்தது. முடிவு என்பது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. இடத்துக்கு இடம், பொதிக்குப் பொதி வேறு வேறு நாளில் நடந்தது.

அந்த நாள்களைத் தீர்மானித்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மொழியின் கர்த்தாக்கள் என்ற வழக்கமான பதில் பாதிதான் சரி. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் பொதி கட்டுபவர்கள் வகுத்த பெயரிடும் விதி, அகற்றும் வரிசை, பாதை ஒழுங்கு ஆகியவையே மாற்றத்தை உண்மையில் நடத்தின. பொதி என்று இங்கே சொல்வது, ஒரு மென்பொருளின் கோப்புகளோடு, அது எதை நம்பியிருக்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும், எங்கே போய் உட்கார வேண்டும் என்ற தகவல்களையும் சேர்த்துக் கட்டிய கட்டு. இந்த மாற்றத்தைத் தமிழ்க் கணிமையின் பக்கமிருந்து, அதிலும் திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர் போன்ற ஒரு சிறு நகரத்து மாணவரின் கணினித் திரையிலிருந்து பார்த்தால், வழக்கமான வரலாறுகளில் விடுபட்டுப்போன சில விஷயங்கள் தெரிகின்றன.

2. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பர் 3. பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடாது என்பது தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு. 2010 ஜூலையில் வந்த 2.7, இரண்டாம் வரிசையின் கடைசிக் கிளை. அதன் ஆயுள் முதலில் 2015 வரை என்று குறிக்கப்பட்டது. 2014-இல் அது 2020-க்குத் தள்ளப்பட்டது.

இந்தப் பன்னிரண்டு ஆண்டு இழுபறியைப் பற்றி இரண்டு விதமாக எழுதப்படுகிறது. முதலாவது, திட்டமிடல் தோற்றது என்பது. 3.0-இல் தேவையில்லாமல் உடைத்தார்கள், இரண்டு வரிசையிலும் ஓடும் நிரலை எழுத வழி வைக்கவில்லை, காலக்கெடுவை நீட்டியதால் யாரும் அவசரப்படவில்லை என்று இவ்விளக்கம் சொல்கிறது. இரண்டாவது, சந்தைத் தர்க்கம். நம்பை 2010-இலும், ஜாங்கோ 2013-இல் சோதனை முறையிலும் மூன்றாம் வரிசைக்கு வந்தன. பெரிய நிரலகங்கள் வந்ததும் மற்றவை பின்தொடர்ந்தன. 2017 டிசம்பரில் ஜாங்கோ 2.0 இரண்டாம் வரிசையைக் கைவிட்டபோது வழக்கு முடிந்தது என்கிறது இது.

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. இரண்டிலுமே ஒரு நபர் காணாமல் போகிறார். நிரலகத்தை எழுதியவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையில் நின்று, ஒரே கணினியில் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் அவர். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கிறார்கள் என்பது செய்தி. கூத்தாநல்லூர் இருக்கும் வெண்ணாற்றுப் பாசனப் பகுதிக்கு எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் முடிவுசெய்கிறது. பைத்தான் விஷயத்தில் அந்தத் தலைப்பில் நின்றவர்களைப் பற்றித்தான் எழுத்து குறைவு.

3. பெயரில் தொடங்கிய சிக்கல்

முனையத்தில் ‘பைத்தான்’ என்று தட்டினால் எந்த வரிசை ஓட வேண்டும்? இந்தக் கேள்விக்கு மூன்று வழங்கல்கள் மூன்று பதில் சொன்னன. ஆர்ச் லினக்ஸ் 2010 அக்டோபரிலேயே அந்தக் கட்டளையை மூன்றாம் வரிசைக்குத் திருப்பிவிட்டது. எதைக் கொண்டு ஓட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் வெறுமனே ‘பைத்தான்’ என்று எழுதியிருந்த எண்ணற்ற நிரல்கள் அங்கே ஒரே நாளில் உடைந்தன. இந்தக் குழப்பத்தைத் தொடர்ந்து 2011-இல் உருவானதுதான் பெப் 394 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு ஆவணம். இரண்டாம் வரிசை வேண்டுமென்றால் ‘பைத்தான்2’, மூன்றாவது வேண்டுமென்றால் ‘பைத்தான்3’ என்று வெளிப்படையாக எழுதுங்கள் என்று அது பரிந்துரைத்தது. வழங்கல் செய்த காரியத்துக்குப் பிறகு மொழியின் ஆவணம் வருகிறது என்ற வரிசை இங்கே கவனிக்கத்தக்கது.

டெபியன் எதிர்த்திசையில் போனது. ‘பைத்தான்-’ என்று தொடங்கும் பொதி என்றால் அது இரண்டாம் வரிசைக்கு உரியது. மூன்றாவது வரிசைக்கு ‘பைத்தான்3-’ என்ற முன்னொட்டு. பழைய பெயருக்குப் புதிய பொருள் தரக் கூடாது. பார்ப்பதற்குக் குமாஸ்தா வேலை போலத் தெரியும் இந்த விதியில் நுட்பம் இருக்கிறது. ஒருவர் தன் சொந்த நிரலுக்காகப் ‘பைத்தான்-நம்பை’யை நிறுவி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மேம்பாட்டில் அதே பெயரில் மூன்றாம் வரிசைக்கான நிரலகம் வந்து உட்கார்ந்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அவர் நிரல் செத்துப்போகும். பெயரே வேறாக இருந்தால் பழையது தன் காலம் வரை இருக்கும், பிறகு வெளிப்படையாக மறையும். மௌனமான உடைப்பைவிட உரத்த உடைப்பு மேல் என்ற முடிவு இது. பத்தாண்டுகளுக்கு மேலாக டெபியன் இந்த விதியை விடவில்லை. கடைசியில் ‘பைத்தான்’ என்ற வெறும் கட்டளையையே இயல்பு நிறுவலிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டுபவர்கள் ‘பைத்தான்-இஸ்-பைத்தான்3’ என்ற தனிப் பொதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது.

ஃபெடோரா இரண்டுக்கும் நடுவில் நடந்தது. முதலில் இரண்டாம் வரிசைப் பொதிகளையெல்லாம் ‘பைத்தான்2-’ என்று பெயர் மாற்றினார்கள். எந்த வரிசை என்று சொல்லாத முதல் வரிகளுக்கு முதலில் எச்சரிக்கை வந்தது. பின்னர் அது பிழையாகவே ஆக்கப்பட்டது. தரை சுத்தமான பிறகே, 2019 அக்டோபரில் வந்த ஃபெடோரா 31-இல், ‘பைத்தான்’ கட்டளை மூன்றாம் வரிசைக்குப் போனது. ஆர்ச் ஒரே நாளில் செய்த மாற்றத்துக்கு ஃபெடோரா ஒன்பது ஆண்டு எடுத்துக்கொண்டது என்று கேலி செய்பவர்கள் உண்டு. என் கணிப்பில் அந்த ஒன்பது ஆண்டும் வீண் போகவில்லை. பயனருக்கு நேர்ந்திருக்க வேண்டிய உடைப்பைப் பொதி கட்டுபவர்கள் தங்கள் மேசைக்கு இழுத்துக்கொண்ட காலம் அது.

பொதி கட்டுபவர்களின் தேவை மொழிக்குள்ளேயே புகுந்ததற்கும் சான்று இருக்கிறது. பைத்தான் ஒரு நிரலை முதல்முறை இறக்குமதி செய்யும்போது அதன் தொகுத்த வடிவத்தை ஒரு கோப்பாகப் பக்கத்திலேயே சேமிக்கும். இரண்டு பதிப்புகள் ஒரே அடைவைப் பகிர்ந்தால் ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். இதைத் தவிர்க்க டெபியனிலும் உபுண்டுவிலும் பதிப்புக்கு ஓர் அடைவு வைத்து, அதில் இணைப்புக் கோப்புகளைப் பரப்பி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். பாரி வார்சா எழுதிய பெப் 3147, கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துத் தனி அடைவில் போடச் சொன்னது. 2011-இல் பைத்தான் 3.2 அதை ஏற்றது. இன்று பைத்தான் எழுதும் எல்லார் கணினியிலும் கிடக்கும் ‘பைகேஷ்’ அடைவு, பொதி கட்டுபவர்களின் தலைவலியிலிருந்து பிறந்தது.

4. அகற்றும் வரிசை

சேர்ப்பதைவிட அகற்றுவது கடினம். டெபியனில் 2019 ஆகஸ்டில் மத்தியாஸ் க்ளோசா, இரண்டாம் வரிசையை நம்பியிருந்த பொதிகள் மீது ஆயிரக்கணக்கில் பிழை அறிக்கைகளைப் பதிவுசெய்தார். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்க முடியாது. நடுவில் இருக்கும் நிரலகத்தை எடுத்தால் அதன் மேல் நிற்பவை எல்லாம் நிறுவ முடியாமல் போகும். ஆகவே தன்மேல் வேறெதுவும் நிற்காத நுனிப் பொதிகளை முதலில் எடுப்பது. அவை போனதும் புதிதாக நுனியாகிவிட்டவற்றை அடுத்து எடுப்பது. ஒரு பொதியை நம்பி யாரும் இல்லை என்றான பிறகு அதன் பிழையை வெளியீட்டைத் தடுக்கும் தரத்துக்கு உயர்த்துவது. இந்த ஒழுங்குதான் நடைமுறையில் கால அட்டவணையாக வேலை செய்தது. எந்தப் பொதி எந்த வாரத்தில் போகும் என்பதை ஜனவரி 1 முடிவுசெய்யவில்லை. சார்புகளின் வரைபடம் முடிவுசெய்தது.

இதில் இழப்பும் இருந்தது. கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் பைத்தான் செருகுநிரல்கள் டெபியன் 11-இல் இல்லாமல் போயின. மூன்றாம் வரிசை ஆதரவோடு கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில்தான். இடைப்பட்ட காலத்தில் அந்தச் செருகுநிரல்களை நம்பியிருந்தவர்களுக்கு விதி எந்த நிவாரணமும் தரவில்லை.

இந்தியச் சூழலில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு காலிபர். 2006-இல் கோவித் கோயல் தொடங்கிய இந்த மின்னூல் மென்பொருள், தமிழில் மின்னூல் செய்பவர்கள் பலரின் மேசையிலும் உண்டு. இரண்டாம் வரிசையின் ஆதரவு முடியப்போகிறது, மாறுங்கள் என்று கேட்டவர்களுக்கு, தேவைப்பட்டால் பைத்தான் 2-ஐத் தானே பராமரித்துக்கொள்ள முடியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னது அப்போது நிறையப் பேசப்பட்டது. திமிர் என்று சிலர் படித்தார்கள். அதில் ஒரு நியாயமும் இருந்தது: வேலை செய்துகொண்டிருக்கும் பெரிய நிரலைத் தனியாளாகப் பராமரிப்பவருக்கு மாற்றத்தால் கிடைக்கும் புதுப் பயன் குறைவு, செலவு மிகுதி. ஆனால் வழங்கல்களுக்கு அந்தப் பதில் பயன்படாது. ஒரே ஒரு மென்பொருளுக்காகப் பாதுகாப்புத் திருத்தம் வராத பைத்தான் 2-ஐ எல்லார் கணினியிலும் வைத்திருக்க அவர்களால் முடியாது. காலிபர் 5.0 மூன்றாம் வரிசையில் வெளிவந்தது 2020 செப்டம்பரில். டெபியனின் பராமரிப்பாளர்கள் அதற்கு முன்பே வளர்ச்சிக் கிளையிலிருந்து மூன்றாம் வரிசைக்குக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே மாற்றத்தின் வேகத்தைக் கூட்டியதில் மொழியின் தேதியைவிட வழங்கலிலிருந்து விழுந்துவிடுவோம் என்ற நிலைக்கே பங்கு அதிகம் என்று கருதுகிறேன்.

‘தன்னார்வலர்’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். ஃபெடோராவின் பைத்தான் குழுவில் முன்னின்றவர்களில் பலர் ரெட் ஹாட்டில் சம்பளம் வாங்குபவர்கள். பாரி வார்சா அப்போது உபுண்டுவின் தாய் நிறுவனமான கனானிக்கலில் இருந்தார். டெபியனில் சம்பளமில்லாதவர்கள் மிகுதி. அங்கும் சிலருடைய நேரத்துக்கு அவர்களின் நிறுவனங்கள் விலை கொடுக்கின்றன. பொதுநலத்துக்காகத் தூய உழைப்பு என்ற படமும், எல்லாமே நிறுவனங்களின் ஆட்டம் என்ற படமும் இரண்டுமே உண்மைக்குப் பொருந்தவில்லை. விதியை யார் எழுதினாலும் அது பொதுவில் விவாதிக்கப்பட்டு எழுதப்பட்டது, யார் வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசலாம் என்பதே முக்கியம். அந்த விவாதங்களில் தமிழ்க் குரல் எவ்வளவு இருந்தது என்பது அடுத்த கேள்வி.

5. ஒரு சொல்லும் மூன்று எண்ணிக்கைகளும்

மூன்றாம் வரிசைக்கு மாறியதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று யூனிகோடு. இதில் தமிழுக்குக் கிடைத்தது என்ன என்பதைக் ‘கூத்தாநல்லூர்’ என்ற பெயரையே வைத்துப் பார்க்கலாம்.

பைத்தான் 2-இல் இந்தச் சொல்லைச் சாதாரண மேற்கோள் குறிக்குள் போட்டு நீளம் கேட்டால் 39 என்று வரும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு. 13 குறியீடு, 39 பைட்டு. பைத்தான் 3-இல் கேட்டால் 13. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. நம் எழுத்துக் கணக்கில் அது கூ, த், தா, ந, ல், லூ, ர் என ஏழு. முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்தின் எழுத்துப் பிரிப்பு இந்த ஏழைத் தரும். மொழி மாறியதால் 39 என்ற அபத்தம் போனது. 13-இலிருந்து 7-க்கு வருவது தமிழ் நிரலாளர்களின் வேலையாகவே இருக்கிறது.

இன்னும் கடுமையான ஒன்று உண்டு. பைத்தான் 3-இன் உள்ளமைந்த தேடுகோவையில் ‘சொல்லெழுத்து’ என்ற வகையைக் கொடுத்து இந்தப் பெயரைப் பிரித்தால் க, த, த, நல, ல, ர என்று ஆறு துண்டாக வந்து விழும். புள்ளியையும் உயிர்க்குறியையும் அது எழுத்தாகக் கொள்வதில்லை. ‘தமிழ்’ என்ற சொல் முழுக்க எழுத்தால் ஆனதா என்று கேட்டாலும் இல்லை என்றே பதில் வரும். ஆனால் அதே மொழி, பெப் 3131-இன்படி, ‘தமிழ்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. பெயராக ஏற்கும், எழுத்தாக ஏற்காது. யூனிகோடுக்கு மாறினோம், எல்லாம் சரியானது என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில் சோதித்துப் பார்த்தவர்கள்.

மாற்றத்தின் இடைக்காலமும் தமிழுக்குக் கூடுதல் சுமையாக இருந்தது. இரண்டாம் வரிசையில் தமிழ்ச் சரத்தின் முன் ‘யூ’ என்ற குறியைப் போட்டால்தான் அது யூனிகோடாகக் கொள்ளப்படும். 3.0 முதல் 3.2 வரை அதே குறி இலக்கணப் பிழை. ஆங்கிலச் சரங்கள் நிறைந்த நிரலில் இது அங்கங்கே இடறும் தொல்லை. சரமெல்லாம் தமிழாக இருக்கும் நிரலில் வரிக்கு வரி இடறும். ஆர்மின் ரோனாக்கர் எழுதிய பெப் 414-ஐ ஏற்று, 2012-இல் 3.3 பதிப்பு அந்தக் குறியை மீண்டும் அனுமதித்தது. ஓப்பன்-தமிழ் போல இரண்டு வரிசையிலும் ஓட வேண்டும் என்று எழுதப்பட்ட நிரலகங்களுக்கு அந்தச் சிறிய பின்வாங்கல் பெரிய உதவி. அதைக் கேட்டு வாங்கியவர்கள் வலைச் செயலிகள் எழுதுபவர்கள். நமக்கு அது கூடவே கிடைத்தது.

6. பாடநூலும் பூட்டும்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்த மாற்றம் வேறு வழியில் வந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அதில் அன்று இயல்பாக இருந்தது பைத்தானின் இரண்டாம் வரிசை. ஆனால் பாடத்தில் பைத்தான் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஸ்டார் ஆஃபீஸும் சி++-உம் படித்தார்கள். ஸ்டார் ஆஃபீஸ் சந்தையிலிருந்து போன பிறகும் சில ஆண்டுகள் படித்தார்கள். 2019-இல் வந்த புதிய பாடநூல் நேராகப் பைத்தான் 3-இல் தொடங்கியது. ஆகக் கூத்தாநல்லூர்ப் பக்கத்து மாணவருக்கு இரண்டாம் வரிசை என்ற பிரச்சினையே வரவில்லை. பாடத்திட்டத்தின் தாமதம் ஒருமுறையாவது நல்லதாக முடிந்தது.

அவருக்கு இடறல் வேறிடத்தில் வந்தது. தரவுகளை வரைபடமாக்கும் பாடத்தில், பைத்தானின் நிறுவல் கருவியான ‘பிப்’ கொண்டு மேட்பிளாட்லிப் என்ற நிரலகத்தை நிறுவச் சொல்கிறது நூல். விண்டோஸில் அது வேலை செய்யும். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இலோ, அதே ஆண்டிலிருந்து வந்த உபுண்டுக்களிலோ அப்படியே தட்டினால், இந்தச் சூழலை நிர்வகிப்பவர் வேறொருவர் என்று சொல்லிக் கட்டளை நின்றுவிடும். பாடநூலும் தவறில்லை, கணினியும் பழுதில்லை. நடுவில் ஒரு விதி மாறியிருக்கிறது.

அது பெப் 668. பிப் வழியாகப் போடுவதும் வழங்கலின் பொதியாகப் போடுவதும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, கணினியின் சொந்தக் கருவிகளே உடைந்துபோன அனுபவம் நீண்ட காலமாக இருந்தது. டெபியன் இதற்காகவே தன் பொதிகளுக்குத் தனி அடைவு வைத்துச் சமாளித்துவந்தது. அது போதாமல்தான் இந்தப் பூட்டு. ஆவணத்தை எழுதியவர்களில் டெபியனின் மத்தியாஸ் க்ளோசா, ஸ்டெஃபானோ ரிவேரா ஆகியோரும், பிப்பைப் பராமரிக்கும் இந்தியரான பிரத்யுன் கேதமும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய விதி என்பதால்தான் இது நிலைத்தது என்று நினைக்கிறேன். முந்தைய பத்தாண்டில் அப்படி உட்காராததன் விலையைத்தான் மூன்றாம் பகுதியில் பார்த்தோம்.

விதி நியாயமானது, அதன் சுமை சமமாக விழவில்லை. மேட்பிளாட்லிப் டெபியனில் பொதியாக இருக்கிறது. ‘பைத்தான்3-மேட்பிளாட்லிப்’ என்று கேட்டால் வந்துவிடும். பைத்தானின் பொதுக் களஞ்சியத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு தமிழ் நிரலகத்துக்கு அந்த வழி இல்லை. மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நுழைந்து, அங்கே நிறுவ வேண்டும். தெரிந்தவருக்கு இரண்டு கட்டளை. முதல்முறை பார்க்கும் பதினேழு வயதுக்காரருக்கு அதுவே கைவிடுவதற்குப் போதுமான காரணம். விதி இறுக இறுக, பொதியாக இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் உள்ள தூரம் கூடுகிறது.

அதைப் பொதியாக்க வேண்டியவர் யார்? இந்தியாவில் பைத்தானுக்குக் கூட்டம் குறைவில்லை. உதகையில் இருந்த கென்னத் கொன்சால்வஸ் போன்றவர்களின் முயற்சியில் 2009-இல் பெங்களூரில் முதல் பைகான் இந்தியா நடந்தது. கணியம் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியனின் சிறு மாநாடான மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சிக்கு வந்தது. கேரளத்து நண்பர்கள் ரூபி, நோட் பொதிகளில் மாணவர்களை இறக்கிப் பல ஆண்டுகள் உழைத்ததை அங்கே பார்க்க முடிந்தது. தமிழ்நாட்டில் நிரலகம் எழுதுவதற்கும் கற்பிப்பதற்கும் இருக்கும் ஊக்கம் பொதி கட்டுவதற்கு வரவில்லை. பெயர் வராத வேலை அது. டெபியனில் முறையாகச் சேர, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களின் கையொப்பம் தன் மின்திறவுகோலில் வேண்டும். அதற்கு நேர் சந்திப்பே வழக்கம். சென்னையில் இருப்பவருக்கு இது ஒரு சனிக்கிழமை மாலை. டெல்டாவில் இருப்பவருக்கு ஒரு பயணம்.

இதற்கிடையில் மேம்பாடு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 3.9 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் புதிய பைத்தான். 3.12 டிஸ்டியூட்டில்ஸை நீக்கியது, 3.13 பத்தொன்பது பழைய தொகுதிகளையும், இரண்டாம் வரிசை நிரலை மூன்றாம் வரிசைக்கு மாற்றித் தரும் கருவியையும் சேர்த்து நீக்கியது. ஃபெடோராவினர் முதல் சோதனை வெளியீடு வந்ததுமே எல்லாப் பைத்தான் பொதிகளையும் அதனோடு கட்டிப் பார்த்து, உடைவதை மூல ஆசிரியர்களிடம் சொல்லிவிடுகிறார்கள். டெபியன் புதிய பதிப்பைப் பழையதோடு துணையாகச் சேர்த்து, இரண்டுக்கும் கட்டி, திருத்தி, பிறகு இயல்பை மாற்றி, கடைசியில் பழையதை எடுக்கிறது.

இந்த எந்திரத்துக்குள் ஒரு தமிழ் நிரலகம் போய்விட்டால் கிடைப்பது வெறும் எளிய நிறுவல் மட்டுமல்ல. டெபியனில் பொதியோடு சோதனை வரிகளையும் வைக்கலாம். கூத்தாநல்லூருக்கு எழுத்து ஏழு என்ற ஒரு வரி போதும். புதிய பைத்தான் வரும்போது அந்தச் சோதனையும் தானாக ஓடும். இதுவரை தேறிவந்தது தோற்றால், பைத்தான் அடுத்த வெளியீட்டுக்கான ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகர்வதே நிறுத்திவைக்கப்படும். அப்போது பிழை யாருடையது என்று பார்த்துப் பதில் எழுத ஒருவர் இருக்க வேண்டும். பதில் வராமல் அது கடும்பிழையாகப் பதிவாகிக் கிடந்தால், குறித்த கெடு முடிந்ததும் அந்தத் தமிழ்ப் பொதி ‘டெஸ்டிங்’கிலிருந்து தானாக நீக்கப்பட்டுவிடும், பைத்தான் மேலே போகும்.